பள்ளிப் படங்களில் பதின்வயது: அந்த ஐந்து பேரும் காரைக்குடியில் ஒரே அறையில் உட்காருவார்களா?

1. செக்காலை டீச்சர்

நம் திரைப்பட வட்டத்தின் சென்ற ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில், படம் முடிந்து பேச்சு சூடுபிடித்த நேரத்தில் மின்சாரம் போய்விட்டது. பட்டாலைத் திண்ணையில் உட்கார்ந்திருந்தவர்கள் கொசுவுக்குப் பயந்து ஒவ்வொருவராகக் கலைந்துவிட்டோம். விட்ட இடத்திலிருந்து தொடர்வதற்காகவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

வர இயலாதவர்களுக்காக ஒரு சுருக்கம். நாம் பார்த்தது ஜான் ஹியூஸ் எழுதி இயக்கி 1985இல் வெளிவந்த 'தி பிரேக்ஃபாஸ்ட் கிளப்'. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஷெர்மர் என்ற கற்பனை ஊர். அங்குள்ள உயர்நிலைப் பள்ளியின் நூலகத்தில், ஒரு சனிக்கிழமை முழுவதும் ஐந்து மாணவர்கள் தண்டனையாக உட்காரவைக்கப்படுகிறார்கள். தன்னை யாரென்று நினைக்கிறோம் என்பதை ஆயிரம் சொல்லில் ஒவ்வொருவரும் எழுதித் தர வேண்டும் என்பது துணைத் தலைமையாசிரியரின் கட்டளை. ஐவரும் ஐந்து அச்சுகளில் வார்க்கப்பட்டவர்கள்: பிரையன் படிப்பாளி, ஆண்ட்ரூ மல்யுத்த வீரன், கிளேர் பணக்கார வீட்டு அழகி, பெண்டர் போக்கிரி, அலிசன் யாரோடும் ஒட்டாத கிறுக்கி. மாலைக்குள் அந்த அச்சுகள் விரிசல் விடுவதுதான் கதை.

கூட்டத்தில் நாம் செய்த முதல் வேலை இந்த ஐவருக்கும் நம் ஊரில் ஆள் தேடியது. படிப்பாளி என்றால் முதல் பெஞ்சு, போக்கிரி என்றால் மாப்பிள்ளை பெஞ்சு, விளையாட்டு வீரன் என்றால் கபடி அணியைக் காரணம் காட்டிப் பாதி பீரியடுகளில் காணாமல் போகிறவன் என்று சிரித்துச் சிரித்துப் பொருத்தம் பார்த்தோம். பத்துப் பொருத்தமும் கூடிவந்த ஜாதகம்போல எல்லாம் இசைந்தது. ஆனால் இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பிளஸ் ஒன், பிளஸ் டூ வகுப்புகளுக்குத் தமிழ் நடத்திவரும் எனக்கு, அவ்வளவு சுலபமாக இசைந்ததே உறுத்தலாக இருக்கிறது. என் வகுப்பில் 60 பேர். இந்த ஐந்து அச்சுகளுக்கும் ஆள் பிடித்தால் மிஞ்சிப்போனால் 12 பேர் தேறுவார்கள். மீதி 48 பேர் எந்தப் படத்தில் இருக்கிறார்கள்? அவர்கள் நடு பெஞ்சுகளில் உட்காருகிறவர்கள். சண்டையும் போடுவதில்லை, பரிசும் வாங்குவதில்லை. ஆண்டு முடிந்து அடுத்த ஆண்டு கடைவீதியில் வணக்கம் சொல்லும்போது முகம் தெரிகிறது, பெயர் வருவதில்லை. இதை எழுதுவதற்கே எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

2. ரஸ்தா

டீச்சரின் கேள்விக்கு நேராகப் போவதற்கு முன், அச்சு என்பதைக் குற்றமாக மட்டும் பார்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலான படத்தில் ஐந்து புது முகங்களை நம் மனத்தில் பதியவைக்கக் கதாசிரியருக்குக் கிடைப்பது பத்து நிமிடம்தான். அதற்குள் யார் யாரென்று தெரியாவிட்டால் பார்ப்பவர் குழம்பிவிடுவார். தெருக்கூத்தில் கட்டியங்காரன் வந்து ஆளைச் சொல்லிவிட்டுப் போவதில்லையா, அச்சும் அந்த வேலையைத்தான் செய்கிறது.

அந்தப் படத்தில் என்னை மிகவும் கவர்ந்தது மதியச் சாப்பாட்டுக் காட்சி. கிளேர் சூஷி என்ற ஜப்பானிய உணவை முறைப்படி பரப்பிவைக்கிறாள். ஆண்ட்ரூவின் பையிலிருந்து தின்பண்டம் வந்துகொண்டே இருக்கிறது. பிரையனுக்கு அவன் அம்மா சூப்பிலிருந்து பழச்சாறு வரை ஒன்றும் விடாமல் கட்டிக்கொடுத்திருக்கிறார். அலிசன் ரொட்டிக்குள் இருந்த கறியைத் தூக்கியெறிந்துவிட்டு, இனிப்புத் தூளையும் மொறுமொறுப்பான தானியத்தையும் கொட்டி நசுக்கித் தின்கிறாள். பெண்டரிடம் எதுவும் இல்லை. இல்லாத காரணத்தாலேயே அடுத்தவர் சாப்பாட்டைக் கிண்டல் செய்கிறான். ஐந்து வீடுகளின் அடுப்படியும் அந்த ஒரே மேசைக் காட்சியில் தெரிந்துவிடுகிறது. நம் பள்ளிகளில் மதிய மணி அடித்ததும் சத்துணவுக்குத் தட்டோடு நிற்பவர், வேப்பமரத்தடியில் புளிச்சோற்றைப் பங்குபோடுபவர், வீட்டிலிருந்து சூடாகக் கேரியர் வருபவர், பசியில்லை என்று சொல்லிக் குழாயடியில் வயிற்றை நிரப்பிக்கொண்டு வருபவர் என்று இதைவிட நுட்பமான காட்சி நாள்தோறும் நடக்கிறது. நான் பார்த்த தமிழ்ப் படங்களில் அதற்கு இரண்டு நிமிடம் ஒதுக்கியவரைக் காணோம்.

இன்னொன்று, நடிப்பவர்களின் வயது. அந்த ஐவரில் கிளேராக நடித்த மோலி ரிங்வால்டும் பிரையனாக நடித்த ஆந்தனி மைக்கேல் ஹாலும்தாம் உண்மையாகவே 16ஐ ஒட்டியவர்கள். பெண்டராக நடித்த ஜட் நெல்சனுக்கு அப்போது 24 வயது. 1978இல் வந்த 'கிரீஸ்' படத்தில் பள்ளி மாணவியாக வரும் ஸ்டாக்கர்டு சானிங் படப்பிடிப்பின்போது 33 வயதானவர். பதினெட்டு வயது நிரம்பாதவர்களை நீண்ட நேரம் வேலை வாங்கச் சட்டம் இடம் தராததால், தயாரிப்பாளர்களுக்குப் பெரியவர்களைப் போடுவது வசதி. ஆனால் முகப்பருவும் உடைந்த குரலும் கணுக்காலுக்கு மேல் ஏறிப்போன கால்சட்டையுமாக இருக்கும் நிஜமான பதினாறு வயதுப் பிள்ளை, திரையில் தெரியும் அந்தப் பதினாறைப் பார்த்துத் தன்னிடம்தான் ஏதோ குறை என்று நினைத்துக்கொள்கிறது.

3. கோட்டையூர் பஸ்

டீச்சருக்கும் ரஸ்தா ஐயாவுக்கும் வணக்கம். நான் பிளஸ் டூ முடித்து இரண்டு ஆண்டுதான் ஆகிறது. இங்கே எழுதுகிறவர்களில் நான் ஒருத்திதான் பள்ளிச் சீருடையைக் கடைசியாகக் கழற்றியவளாக இருப்பேன் என்பதால் துணிந்து எழுதுகிறேன்.

நீங்கள் அனைவரும் பொருத்தம் பார்த்தபோது ஒன்றை விட்டுவிட்டீர்கள் என்பது என் எண்ணம். அந்த ஐவரும் ஒரே பள்ளியில் படிக்கிறார்கள். அமெரிக்காவில் பொதுப்பள்ளிச் சேர்க்கை பெரும்பாலும் குடியிருக்கும் பகுதியைக் கொண்டு அமைவதால், பணக்காரப் பெண்ணும் அடிபட்டு வளர்கிற பையனும் ஒரே கட்டடத்துக்குள் வந்துவிடுகிறார்கள். உள்ளேயும் ஒவ்வொரு பாடத்துக்கும் அறை மாறுவதால் நிலையான பெஞ்சு என்று ஒன்று கிடையாது. ஆகவே யார் யாரோடு சேர்ந்தவர் என்பது சாப்பாட்டுக் கூடத்து மேசையில்தான் முடிவாகிறது. 2004இல் வந்த 'மீன் கேர்ள்ஸ்' படத்தில், புதிதாக வந்து சேரும் கேடி என்ற மாணவிக்கு அவளுடைய தோழி அந்தக் கூடத்துக்கே வரைபடம் போட்டுக் கொடுப்பது அதனால்தான். அங்கே பிரிவினை கட்டடத்துக்கு உள்ளே நடக்கிறது. அச்சுகளும் அங்கேயே பிறக்கின்றன.

நம் ஊரில் அந்த வேலை பள்ளிக் கேட்டுக்கு வெளியிலேயே முடிந்துவிடுகிறது. கிளேர் ஏ.சி. வேனில் சி.பி.எஸ்.இ. பள்ளிக்குப் போய்விடுவாள். பிரையனை மெட்ரிக் பள்ளியில் சேர்த்து, மாலையில் நீட் வகுப்பிலும் போட்டிருப்பார்கள். ஆண்ட்ரூ விளையாட்டு விடுதியில் இருப்பான். பெண்டர் அரசு ஆண்கள் பள்ளியில் பெயர் மட்டும் பதிந்துவிட்டுப் பாதி நாள் டூவீலர் ஒர்க்‌ஷாப்பில் கிரீஸ் படிந்த கையோடு நிற்பான். அலிசன் என்னோடு பெண்கள் பள்ளியில். இவர்களை ஓர் அறையில் உட்காரவைக்க வேண்டுமென்றால் எந்தத் தலைமையாசிரியராலும் முடியாது. அதைச் செய்யக்கூடிய இடம் இரண்டுதான்: மாலை ஆறரை மணிக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட மொட்டைமாடிக் கணக்கு டியூஷன், அது முடிந்து வீட்டுக்குப் போகும் டவுன் பஸ். எனக்கு இந்த ஊரில் எத்தனை விதமான பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதே டியூஷனில்தான் தெரியவந்தது. எந்தப் பள்ளியிலிருந்து வருகிறோம் என்பதைச் சீருடை சொல்லிவிடும் என்பதால், வீட்டுக்குப் போய் மாற்றிக்கொண்டு வருகிறவர்களும், மாற்ற நேரம் இருந்தும் மாற்றாமல் வருகிறவர்களும் அங்கே உண்டு. மாற்றாமல் வந்தவர்கள் யார் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

4. வளவு

படப்பிடிப்புக்கு வீடு பிடித்துக்கொடுப்பது என் தொழில் என்பது இங்கே சிலருக்குத் தெரியும். சில மாதங்களுக்கு முன் ஒரு குழுவினர் பள்ளிக் காட்சிகளுக்கு இடம் கேட்டு வந்தார்கள். உண்மையான பள்ளிகள் இரண்டைக் காட்டினேன். தரையில் டைல்ஸ் பதித்திருக்கிறது, சுவரில் ஸ்மார்ட் போர்டு இருக்கிறது, பள்ளி மாதிரியே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். கடைசியில் பெரிய வீடு ஒன்றின் கல்யாணக் கொட்டகையில், பர்மாத் தேக்குத் தூண்களுக்கு நடுவே பழைய பெஞ்சுகளை வரிசையாகப் போட்டு, கரும்பலகை சாய்த்து வகுப்பறை ஆக்கினார்கள். மாணவிகளுக்குத் தாவணியும் இரட்டைச் சடையில் சிவப்பு ரிப்பனும். கதை எந்தக் காலத்தில் நடக்கிறது என்று கேட்டேன். இப்போதுதான் என்றார்கள்.

நம்மவர்களை மட்டும் குறை சொல்லவும் முடியாது. நீங்கள் பார்த்த படத்தின் நூலகமும் நூலகமன்று. மூடப்பட்ட ஒரு பள்ளியின் விளையாட்டுக் கூடத்துக்குள் போடப்பட்ட செட்.

5. பெட்டியடி

பேத்தி வயதுடைய கோட்டையூர் ஆத்தாவின் பதிவை இரண்டு முறை படித்தேன். அதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சில பழைய செய்திகள் என்னிடம் உள்ளன.

பதின்வயது என்று ஒரு பருவத்தைத் தனியாக வெட்டியெடுத்து அதற்கென்று உடை, பாட்டு, கோபம் எல்லாம் வகுத்தது, இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய அமெரிக்காவின் செல்வச் செழிப்பு. கையில் செலவுக்குப் பணமும் ஓட்டுவதற்குக் காரும் உள்ள பிள்ளைகள் திரையரங்குகளுக்கு ஒரு தனிக் கூட்டமாகக் கிடைத்தார்கள். 1955இல் ஜேம்ஸ் டீன் நடித்த 'ரெபல் வித்தவுட் எ காஸ்' வெளிவந்தபோது அந்தக் கூட்டம் காத்துக்கொண்டிருந்தது. நம் பக்கத்தில் அந்த வயதுக்கு வேறு வேலை இருந்தது. என் ஐயா, அதாவது என் அப்பச்சியின் (அப்பாவின்) தகப்பனார், மீசை அரும்பும் முன்பே பர்மாவுக்குக் கொண்டுவிற்க, அதாவது வட்டிக்கடை வேலைக்கு, கப்பல் ஏறியவர். அங்கே கடையில் அவருக்குப் பெட்டியடிப் பையன் என்று பெயர். அதற்கு மேலே அடுத்தாள், அதற்கும் மேலே கடையை நடத்தும் மேலாள். பெட்டியருகே உட்கார்ந்து ஏவிய வேலை செய்து, இரவில் கணக்குக் கற்று, மூன்று ஆண்டுக் கெடு முடிந்து ஊர் திரும்பும்போது அவருக்குப் பெண் பார்த்து வைத்திருந்தார்கள். பையனாகப் போனவர் ஆளாக வந்தார். இடையில் இருந்த ஆண்டுகளுக்குப் பெயர் கிடையாது. நான் இந்தப் புனைபெயரை வைத்துக்கொண்டதற்கும் அதுதான் காரணம்.

ஆனால் இளமையை அச்சுகளாகப் பிரிப்பது நமக்குப் புதிதென்றும் நினைக்க வேண்டாம். உலா இலக்கியத்தில் தலைவன் வீதியில் வரும்போது பார்த்து மயங்கும் பெண்களை ஏழு பருவமாகப் பிரித்துவைத்தார்கள் அல்லவா. மங்கைக்கு 12, 13 வயது. மடந்தைக்கு 14 முதல் 19 வரை. ஏறக்குறைய இன்றைய பதின்வயதேதான். ஒவ்வொரு பருவத்துக்கும் விளையாட்டு, நாணம், பார்வை எல்லாம் முன்கூட்டியே வகுத்தாயிற்று. ஒட்டக்கூத்தர் மூன்று சோழ மன்னர்களைப் பாடியும் அந்த வரிசை மாறவில்லை. அந்த மடந்தைகளில் ஒருத்தியாவது வீதிப்பக்கம் பாராமல், அடுத்தவளோடு போட்ட சண்டையை நினைத்துக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருப்பாள் என்று எந்தப் புலவருக்கும் தோன்றவில்லை. நம் சினிமா அந்த உலாவை இன்னும் நிறுத்தவில்லை. தலைவன் யானைக்குப் பதிலாக பைக்கில் வருகிறான், அவ்வளவுதான்.

6. கல்லுக்கட்டி

நீங்கள் எல்லோரும் தமிழ்ப் படங்களைக் கொஞ்சம் அவசரமாகவே தள்ளிவிடுகிறீர்கள். பாலு மகேந்திராவின் 'அழியாத கோலங்கள்' 1979இல் வந்தது. மூன்று சிறுவர்கள், ஆறு, புதிதாக ஊருக்கு வரும் ஆசிரியை. அந்த வயதின் குறுகுறுப்பை அது கேலியாக்கவும் இல்லை, தண்டிக்கவும் இல்லை. 1981இல் பாரதி - வாசு இயக்கிய 'பன்னீர் புஷ்பங்கள்' ஊட்டி விடுதிப் பள்ளியை வைத்துச் செய்த படம். இரண்டிலும் அச்சு என்று சொல்லத்தக்க ஆட்கள் குறைவு.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். தமிழ்நாட்டில் பிளஸ் டூ முறை 1978இல் வந்தது. அதற்கு முன் எஸ்.எஸ்.எல்.சி. முடித்த பிள்ளை பி.யூ.சி. என்ற புகுமுக வகுப்பு படிக்கக் கல்லூரிக்குப் போய்விடும். பதினாறு, பதினேழு வயதுக் காதல் என்றால் அது கல்லூரிக் கதை. பிளஸ் டூ வந்த பிறகு அதே வயதுப் பிள்ளைகள் சீருடையோடு பள்ளியிலேயே நின்றார்கள். அதற்கடுத்த மூன்றாண்டுக்குள் இந்த இரண்டு படங்களும் வந்தது தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் ஆசை வரும் வயதும் காக்கிக் கால்சட்டையும் ஒரே உடம்பில் இருப்பது புதிய காட்சியாக இருந்திருக்கும் அல்லவா. பிற்பாடு 2002இல் 'துள்ளுவதோ இளமை' வந்தபோதும் அந்த முரண்தான் விற்பனைக்குப் போனது. முன்னவை இரண்டுக்கும் இதற்கும் உள்ள அந்த வேறுபாட்டை ஒப்புக்கொள்கிறேன்.

அச்சை உடைத்ததற்கு நம் பக்கத்திலேயே சாட்சி உண்டு. திருமயத்துப் பக்கம் விராச்சிலையில் எடுத்து 2009இல் வந்த பாண்டிராஜின் 'பசங்க'. அதில் வருகிறவர்கள் பதின்வயதை எட்டாத சிறுவர்கள் என்றாலும், நல்லவன், கெட்டவன் என்று தொடங்குகிற இருவரையும் அவரவர் வீட்டுக்குள் கொண்டுபோய் நிறுத்தியதும் அந்தப் பெயர்கள் நிற்காமல் போய்விடுகின்றன.

7. செக்காலை டீச்சர்

கல்லுக்கட்டி அண்ணன் சொன்ன 1978 கணக்கு எனக்குத் தோன்றவே இல்லை. நன்றி. நானே அந்தக் காலத்து முதல் செட்டுகளில் படித்தவர்களிடம் பாடம் கேட்டவள்தான்.

ஆனால் 'பசங்க' ஒன்றைக் காட்டி நம் பள்ளிப் படங்களுக்கு ஜாமீன் எடுக்க முடியாது. 2012இல் 'சாட்டை', 2019இல் 'ராட்சசி', 2023இல் 'வாத்தி' என்று வந்த வரிசையைப் பாருங்கள். மூன்றிலும் பள்ளிதான் களம். மூன்றிலும் நாயகர் ஆசிரியர்தான். உருப்படாத பள்ளி, அக்கறையில்லாத சக ஆசிரியர்கள், வெளியிலிருந்து வந்து இறங்கும் ஓர் அவதாரம். அவர் கைபட்டதும் மாப்பிள்ளை பெஞ்சு முழுவதும் திருந்திவிடுகிறது. ஒவ்வொரு முறையும் தியேட்டரில் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறார்கள். எனக்கோ உடம்பு கூசுகிறது. ஓர் ஆண்டில் ஒரு பிள்ளையின் கையெழுத்தைத் திருத்தினாலே அது எங்களுக்குப் பெரிய சாதனை. அந்தப் படங்களில் மாணவர்கள் பிசைந்து வைத்த மாவு. யார் வந்து உருட்டுவார்கள் என்று காத்திருக்கிறார்கள். அமெரிக்கப் படத்திலோ இதற்கு நேர்மாறு: துணைத் தலைமையாசிரியர் வில்லன், பெற்றோர் ஒருவர்கூட உருப்படியில்லை, துப்புரவுத் தொழிலாளியான கார்ல் ஒருவருக்குத்தான் கொஞ்சம் மரியாதை. அங்கே பெரியவர்கள் அச்சு, இங்கே பிள்ளைகள் அச்சு.

பிரையனைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட மனமில்லை. எளிது என்று நினைத்துத் தொழிற்கல்வி வகுப்பில் சேர்ந்தவன், யானை வடிவ விளக்கு ஒன்றைச் செய்ய வேண்டியிருந்தது. தும்பிக்கையை இழுத்தால் விளக்கு எரிய வேண்டும், எரியவில்லை, தேறாத மதிப்பெண் விழுந்தது. அதற்காக ஒரு துப்பாக்கியை அலமாரியில் கொண்டுவந்து வைத்தவன் அவன். அது தீப்பொறி விடும் ஃபிளேர் துப்பாக்கி என்று தெரிந்ததும் மற்றவர்கள் சிரிக்கிறார்கள். நம் கூட்டத்திலும் சிரித்தார்கள். என்னால் முடியவில்லை. தேர்வு முடிவு வரும் காலையில் எத்தனை வீடுகளுக்கு நாங்கள் போன் செய்து, பிள்ளை கண்ணெதிரே இருக்கிறதா என்று கேட்கிறோம் என்பது வெளியில் யாருக்கும் தெரியாது. 2017இல் அரசு மாநில அளவிலான ரேங்க் அறிவிப்பை நிறுத்தியபோது நாங்கள் விட்ட மூச்சு இன்னும் நினைவிருக்கிறது. நம் படங்களில் படிப்பாளி என்றால் எண்ணெய் தடவிய தலை, கண்ணாடி, கோள் சொல்லும் வாய். அவனுக்குள் இருக்கும் அந்தப் பயத்தை யாரும் தொட்டுப் பார்ப்பதில்லை. முதல் பெஞ்சைச் சிரிப்புக்கு வைத்துக்கொண்டது ஒரு பெரிய பிழை என்று இப்போது படுகிறது.

8. கோட்டையூர் பஸ்

பெட்டியடி ஐயா, வீதிப்பக்கம் பாராமல் உள்ளே உட்கார்ந்திருக்கும் அந்த மடந்தை நான்தான்.

நான் படித்த பள்ளியில் ஆண் என்றால் வாட்ச்மேன் தாத்தா ஒருவர்தான். ஆனாலும் ஏழு ஆண்டும் எங்களுக்குப் பொழுது போதவில்லை. இரண்டு மாதம் பேசாமல் இருந்து, ஒரு விலக்கு நாளில் கறைபட்ட சீருடையை மறைக்கப் பின்னாலேயே நடந்து வந்ததில் சேர்ந்துகொண்ட தோழிகள் உண்டு. யார் எந்தக் குரூப்பில் சேர்ந்தாள் என்பதால் முறிந்த நட்பும் உண்டு. முதல் குரூப் கிடைத்தவளுக்கும் தொழிற்பிரிவுக்குப் போனவளுக்கும் இடையில் ஒரே மாடிப்படிதான், ஆனால் பிளஸ் ஒன் முழுவதும் அந்தப் படியில் பார்த்துக்கொண்டாலும் சிரிக்கவில்லை. இதில் எதற்கும் ஒரு பையன் தேவைப்படவில்லை. பள்ளிப் படங்களில் பெண்பிள்ளை வருவதே யாராவது அவளைப் பார்ப்பதற்காக என்பதால், இந்தக் கதைகளுக்கு அங்கே இடமில்லை.

'மீன் கேர்ள்ஸ்' அந்த வகையில் எனக்குப் பிடித்தது. பெண்பிள்ளைகளின் குழுச்சண்டைகளைப் பற்றி ரோசலின்ட் வைஸ்மேன் 2002இல் எழுதிய நூலை அடிப்படையாக வைத்து டீனா ஃபே திரைக்கதை எழுதியதாலோ என்னவோ, அந்தக் குத்தலும் குழைவும் நிஜமாக இருக்கின்றன. ஒரு பையனின் கவனத்துக்காகக் கணக்கில் வேண்டுமென்றே தப்புப் போடும் கேடியைப் பார்த்து எங்கள் டியூஷனில் இரண்டு பேர் நினைவுக்கு வந்தார்கள்.

அலிசன் விஷயத்தில்தான் எனக்குக் கோபம். நாள் முழுவதும் அந்தப் படத்தில் சுயமாக இருந்தவள் அவள் ஒருத்தி. கடைசியில் கிளேர் அவளை உட்காரவைத்து, கண்ணைச் சுற்றியிருந்த கறுப்பு மையைத் துடைத்து, வெள்ளை உடையில் வெளியே அனுப்புகிறாள். உடனே ஆண்ட்ரூவுக்கு அவளைப் பிடித்துவிடுகிறது. அச்சிலிருந்து விடுபட்டதாகக் காட்டிக்கொண்டு வேறோர் அச்சுக்குள் இறக்கிவிட்டார்கள். மோலி ரிங்வால்டே 2018இல் 'தி நியூ யார்க்கர்' இதழில், இந்தப் படத்தைத் தன் மகளோடு திரும்பப் பார்த்ததைப் பற்றி எழுதி, தான் நடித்த ஜான் ஹியூஸ் படங்கள் பெண்களை நடத்திய விதம் தன்னை இப்போது சங்கடப்படுத்துவதை மறைக்காமல் சொல்லியிருக்கிறார்.

9. ஆத்தங்குடிக் கல்

எங்கள் வீட்டில் தரையில் பதிக்கும் பூக்கல் போடுவது தொழில் என்பதால், இந்த இழையில் அச்சு என்ற சொல் வரும்போதெல்லாம் எனக்குத் தகட்டு அச்சுதான் கண்ணில் தெரிகிறது. கண்ணாடித் துண்டின்மேல் அச்சை வைத்து, ஒவ்வோர் அறையிலும் வண்ணச் சிமெண்டுக் கலவையைக் கரண்டியால் ஊற்றுவோம். ஊற்றியதும், ஈரம் காய்வதற்குள், அச்சைத் தூக்கிவிட வேண்டும். பிறகுதான் மேலே உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, சாந்து போட்டு, காயவைத்துத் தண்ணீரில் இறக்குவது. அச்சைத் தூக்கும்போது பச்சை கொஞ்சம் மஞ்சளுக்குள் போகும், சிவப்பு ஓரத்தில் கசியும். கையால் செய்த கல்லுக்கு அதுதான் அடையாளம். ஆகவே ரஸ்தா ஐயா சொல்வதுபோல அச்சு இல்லாமல் முடியாது. ஆனால் எப்போது தூக்குகிறோம் என்பதில்தான் வேலை இருக்கிறது. அலிசனுக்கு அச்சைத் தூக்கினார்கள், ஈரம் காய்வதற்குள் இன்னோர் அச்சை வைத்து அழுத்திவிட்டார்கள்.

10. ரஸ்தா

ஆத்தங்குடித் தம்பி சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். நான் முதல் பதிவில் அச்சுக்கு வக்காலத்து வாங்கியபோது, தூக்குவதைப் பற்றி யோசிக்கவில்லை.

இவ்வளவு பேசியும் நாம் ஒன்றைச் சுற்றிச் சுற்றியே போய்க்கொண்டிருக்கிறோம். பெஞ்சும் மார்க்கும் மீடியமும் குரூப்பும் மட்டுமா நம் பிள்ளைகளைப் பிரிக்கின்றன? படத்தில் போக்கிரியாக வரும் மாணவனின் தெரு எது என்பதைக் காமிரா காட்டாது. ஆனால் நிறத்தாலும் பெயராலும் பேச்சாலும் பார்ப்பவருக்குக் குறிப்புக் கொடுத்துவிடும். சாதியைச் சொல்லாமலே சாதியை அச்சாக்குகிற வித்தை அது. 2023இல் நாங்குநேரியில் மாணவரும் அவர் தங்கையும் சக மாணவர்களால் வெட்டப்பட்ட பிறகு, அரசு அமைத்த ஒருநபர் குழுவாக ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தார். சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றி அடையாளம் ஆகியவை பள்ளியில் கூடாது என்ற பரிந்துரையைத்தான் எல்லோரும் பேசினார்கள். அதே அறிக்கையில் மாணவர்களை அகரவரிசைப்படி உட்காரவைக்க வேண்டும் என்றும் ஒரு பரிந்துரை இருக்கிறது. இந்த இழையைப் படித்தபோது அதுதான் எனக்குத் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. யார் எங்கே உட்காருகிறார் என்பதில்தான் அச்சு தொடங்குகிறது என்றால், டீச்சரின் நடு பெஞ்சுக்காரர்களுக்குச் சினிமா வருவதற்கு முன்னால் அகரவரிசை வந்துவிடலாம்.

11. செக்காலை டீச்சர்

ரஸ்தா அண்ணனின் பதிவைப் படித்துவிட்டுத் திங்கட்கிழமை என் பிளஸ் ஒன் வகுப்பில் அதைச் செய்துபார்த்தேன். வருகைப் பதிவேட்டை எடுத்து, தமிழ் அகரவரிசைப்படி இடம் மாற்றினேன். மாப்பிள்ளை பெஞ்சின் ஐந்து பேரும் ஆளுக்கொரு பக்கமாகப் போய்விட்டார்கள். அவர்களில் 'அ'வில் தொடங்கும் ஒருவன் என் மேசைக்கு நேரெதிரே உட்கார்ந்து, வாழ்க்கையில் முதல் முறையாகக் கரும்பலகை இவ்வளவு பெரிதா என்பதுபோலப் பார்த்தான். நடு பெஞ்சு 'த'வுக்கும் 'ப'வுக்கும் போனதால், அங்கிருந்தவர்கள் நாலாபக்கமும் சிதறிக் கண்ணில் பட ஆரம்பித்திருக்கிறார்கள். இந்த வாரத்தில் ஒன்பது பெயர்களைக் கற்றுக்கொண்டேன்.

சிக்கல் ஒன்றே ஒன்று. வடமொழி எழுத்துகள் அகரவரிசையின் கடைசியில் வருவதால், எப்போதும் முதல் மதிப்பெண் வாங்குகிற, பெயர் 'ஹ'வில் தொடங்குகிற பெண்பிள்ளைக்கு மாப்பிள்ளை பெஞ்சின் சுவரோரம்தான் கிடைத்தது. முதல் நாள் அழுதேவிட்டாள். மறுநாள் அவள் அம்மா தலைமையாசிரியரைப் பார்க்க வந்துவிட்டார்.

12. கோட்டையூர் பஸ்

அப்புறம் சமாதானம் ஆனாளா டீச்சர்?

13. செக்காலை டீச்சர்

வெள்ளிக்கிழமை நான் செய்யுள் நடத்திக்கொண்டிருந்தபோது கடைசி பெஞ்சில் யாரோ தாளம் தட்டினார்கள். திரும்பிப் பார்த்தேன். அவள்தான்.